நடந்து போகிறவருக்கு ஒரு பஸ்

புரட்டாசி பிறந்துவிட்டால் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் கோவிந்தா முழக்கம் கேட்கத் தொடங்கிவிடும். பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோவிலிலிருந்து புறப்படும் திருப்பதிக் குடைகள் வில்லிவாக்கம், பாடி, திருமுல்லைவாயில், திருநின்றவூர், திருவள்ளூர் என்று மேற்குப் பக்கத்து ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் திருமலைக்குப் போகின்றன. அவற்றோடு சேர்ந்தும் தனியாகவும் பாதயாத்திரைக் குழுக்கள் நடக்கின்றன. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை நாலைந்து நாளில் கால்நடையாகவே கடந்துவிடுகிறார்கள். போகிறவர்களைத்தான் ஊர் பார்க்கிறது; திரும்புகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. அவர்கள் தரிசனம் முடிந்ததும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, திருப்பதி ஸ்டேஷனில் ரயில் பிடித்து, மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றத்துக்காக வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களும் அப்படித்தான், மேல்மருவத்தூருக்கு நடக்கிறவர்களும் அப்படித்தான். போவது காலால், வருவது ரயிலாலோ பஸ்ஸாலோ. இந்த ஏற்பாடு நமக்குப் பழகிப்போனது. ஆனால் காடு, மலை என்று ட்ரெக்கிங் போகும் பேச்சு வந்தால் மட்டும் இதை மறந்துவிடுகிறோம். முதலில் எழும் கேள்வி, “யாருடைய கார்?” என்பதாகவே இருக்கிறது.

நெடுந்தூர நடைவழிக்குக் கார் பொருந்தாது. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்குகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் அதே இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். பத்து கிலோமீட்டர் நடக்கத் தெம்புள்ளவர் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே திரும்பிவிட வேண்டியதுதான். மலையின் ஒரு சரிவில் ஏறி மறுசரிவில் இறங்குவதோ, ஓர் ஏரிக்கரையில் தொடங்கி அடுத்த ஆற்றங்கரையில் முடிப்பதோ அவரால் ஆகாது. கார் நிற்கும் இடம் அவரைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தவருக்கு இந்தக் கட்டு இல்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்கி நாள் முழுக்க நடந்து வேறொரு நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம். எனவே கார் வாங்க வசதியில்லாதவருக்குச் செய்யும் சலுகையாகப் பொதுப் போக்குவரத்தைப் பார்ப்பது தவறு. நீண்ட பாதை ஒன்று முழு நீளத்துக்கும் பயன்பட வேண்டுமானால் அதன் இரு முனைகளிலும் பஸ்ஸோ ரயிலோ இருக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் நல்ல வாய்ப்பும் இருக்கிறது, ஒரு பெரிய குறையும் இருக்கிறது.

இந்த ஏற்பாடு முழுமையாக இயங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அலிபிரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து திருமலைக்கு 3,550 படிகள். கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நடை, பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறினால் 2,388 படிகள், தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. அலிபிரியில் நடக்கத் தொடங்குமுன் மூட்டையைத் தேவஸ்தானத்தின் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மூட்டை வண்டியில் மேலே போய்விடும், சீட்டைக் காட்டித் திருமலையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறுகிற பெண்களைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கையில் குங்குமச் சிமிழும் கற்பூரமும் மட்டும் இருந்தால்தான் அப்படி ஏற முடியும், தோளில் பை தொங்கினால் நாலு படிக்கு மேல் குனிய முடியாது. ஏறியவர் கீழே இறங்க மலைப்பாதையில் ஆந்திர அரசு பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நடக்கிறவர் தொடங்கிய இடத்துக்கு நடந்து திரும்ப மாட்டார் என்பதை முதலிலேயே புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு இது. நம் ஊர்க் காட்டுப்பாதை எதிலும் இந்த அளவு யோசனை செலவிடப்பட்டதாகத் தெரியவில்லை.

திருமலை பக்தி சம்பந்தப்பட்டது, லட்சக்கணக்கானவர் வருகிற தலம், அதையும் பொழுதுபோக்காக நடப்பதையும் ஒன்றாகப் பேசலாமா என்று கேட்கலாம். கூட்டத்தின் அளவில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாதுதான். ஆனால் காலுக்கும் தாகத்துக்கும் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலைக்கும் பக்தர், சுற்றுலாக்காரர் என்ற பேதம் தெரியாது. நீளமான பாதை, வழியில் தண்ணீர், சுமைக்கு ஒரு வழி, முடியும் இடத்தில் வண்டி என்ற தேவைகள் இருவருக்கும் பொது. ஆபத்தும் பொதுவே. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு, குழந்தைகளோடு நடப்பதற்கு நேரக் கட்டுப்பாடு வந்தது, நடப்பவர் கையில் கம்பு கொடுக்கப்பட்டது. பாதையை மூடிவிடவில்லை, எப்போது, எப்படி நடக்கலாம் என்பதை வரையறுத்தார்கள். காட்டுப்பாதைகளை நடத்தும் துறைகளுக்கு இதுவும் ஒரு பாடம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தடத்தில்தான் இன்று அம்பத்தூரும் ஆவடியும் திருநின்றவூரும் இருக்கின்றன. அதிகாலையிலேயே ஓடத் தொடங்கும் மின்ரயில்கள் திருவள்ளூர், அரக்கோணம் வரை போகின்றன, சில திருத்தணி வரையிலும் போகின்றன. சப்தகிரி எக்ஸ்பிரஸ் அதே தடத்தில் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்குப் போகிறது. தென்சென்னையில் இருப்பவர் மலையைப் பார்க்க ஊரையே குறுக்கே கடந்தாக வேண்டும். ஆவடிக்காரருக்கு மலைக்குப் போகும் ரயில் வீட்டு வாசலில் நிற்கிறது என்றே சொல்லலாம். திருத்தணியில் இறங்கினால் ஊருக்குள் நடந்தே மலையடிவாரத்தை அடைந்து, ஆண்டின் நாட்களுக்கு ஒன்றென எண்ணப்படும் 365 படிகளில் ஏறலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்களுக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஸ்டேஷன் இருக்கிறது என்பதாலேயே மலை அருகில் இருக்கிறது என்று ஆகிவிடாது. சோளிங்கர் நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள், நடக்கிறவருக்கு அருமையான ஏற்றம். பெயர்ப் பலகையில் சோளிங்கர் என்றே எழுதியிருக்கும் ரயில் நிலையம் ஒன்றும் உண்டு. ஆனால் அது இருப்பது பாணாவரத்தில். அங்கிருந்து ஊருக்குப் பல கிலோமீட்டர் போயாக வேண்டும். வடக்கே போனாலும் இதே கதை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி சூலூர்பேட்டை வரை ஓடும் மின்ரயிலில் தடா ஸ்டேஷனில் இறங்கலாம். சென்னை இளைஞர்கள் ‘தடா அருவி’ என்று சொல்லும் உப்பலமடுகு அங்கிருந்து வெகுதூரம், வரதய்யபாளையத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பெயரை நம்பி ரயிலில் வந்தவர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டியதுதான். அடுத்த முறை அவர் ரயிலில் வர மாட்டார், நண்பரின் பைக்கில் வருவார். நெடுஞ்சாலையில் விடியற்காலை போகவும், களைத்துத் திரும்பவும் பைக். எனக்கு இதில்தான் மிகுந்த கவலை. நாள் முழுக்க வெயிலில் நடந்து சோர்ந்த கால்களோடு, தூக்கக் கண்களோடு, லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுவதைவிட ஆபத்தான ஏற்றம் எந்த மலையிலும் இல்லை.

ஸ்டேஷனுக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளிக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் குடியம். தமிழக அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 காட்டுப்பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கிடைத்தது குடியம் குகைப்பாதை. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், அல்லிக்குழி மலைத்தொடரின் முள்காட்டுக்குள் போகிறது இது. குகை என்றால் இருட்டுச் சுரங்கத்தை நினைக்க வேண்டாம். வாய் அகன்று திறந்திருக்கும் பெரிய பாறைக் குடைவு. சுவரை அருகே போய்ப் பார்த்தால் ஒரே பாறையாக இருக்காது. உருண்டைக் கூழாங்கற்கள் இறுகிப்போன மண்ணில் பதிந்திருக்கும். முட்டை அளவிலும் தலை அளவிலும் துருத்திக்கொண்டு நிற்கும் இந்தக் குவார்ட்சைட் கற்களைத் தட்டிச் செதுக்கித்தான் ஆதிமனிதர் இந்த வட்டாரத்தில் கைக்கோடரி செய்தார்கள். மேலே பாறை விளிம்பில் தேனடைகள் தொங்கும், ஆகவே சத்தமும் புகையும் கூடாது. கொசஸ்தலையாற்றங்கரையில் உள்ள அதிரம்பாக்கத்தில் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே நடந்த அகழாய்வில் கிடைத்த கருவிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகின்றன என்று 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது. உலக மானுட வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெறும் ஊர் அம்பத்தூரிலிருந்து அரை நாள் பயணத்துக்குள் இருக்கிறது. அம்பத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

ஆவடியில் மின்ரயில் ஏறினால் திருவள்ளூருக்குப் பத்து ரூபாய் அளவில்தான் டிக்கெட். அதுவரை சிக்கல் ஏதுமில்லை. ஸ்டேஷனும் பஸ் நிலையமும் ஒட்டி இல்லாததால் ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். பிறகு பூண்டி பக்கம் போகும் பஸ். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் வரலாற்றுக்கு முந்தைய கால அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும் 1944-இல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர் அணையையும் பார்த்துக்கொண்டு மேலே போகலாம். ஆனால் காட்டின் வாசல் வரைக்குமான கடைசித் துண்டுதான் உண்மையான தடை. கிராமத்துப் பஸ்கள் கிராமத்தாரின் வசதிக்கு ஓடுகின்றன. காலையில் ஊரிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் வெளியே வரும், மாலையில் உள்ளே போகும். அதுதான் நியாயம், அதில் கை வைக்கக் கூடாது. காடு பார்க்க வருகிறவரோ காலையில் உள்ளே போய் மாலையில் வெளியே வர வேண்டியவர். வெயில் ஏறுமுன் நடையைத் தொடங்க வேண்டியவரும் அவரே. பஸ் ஓடும் திசையும் அவர் போகும் திசையும் நேர் எதிராக இருக்கின்றன. பஸ்ஸே இல்லை என்று சொல்ல முடியாது, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் திசைக்கு இல்லை. குறை இவ்வளவுதான் என்பதால், அதைத் தீர்க்கப் புதிய சாலையோ புதிய தண்டவாளமோ வேண்டியதில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேறிகளின் உயிரைக் குடித்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவதைத் தடுக்கும் விதிகள் கடுமையாயின. இன்றைய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் அந்தத் துயரத்திலிருந்து பிறந்த ஒழுங்கு. முன்பதிவு செய்தவர் மட்டுமே போகலாம், காட்டை ஒட்டி வாழும் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள், காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. எல்லாம் சரியான முடிவுகள். இத்தனை யோசித்தவர்கள் இன்னொரு அடி எடுத்து வைத்திருக்கலாம். அருகிலுள்ள ரயில் நிலையம் எது என்று சொல்வது ஒன்று. காலை ஆறு மணிக்கு அந்த ஸ்டேஷனில் இறங்கியவர் எதில் ஏறுவது என்று சொல்வது வேறொன்று. முன்பதிவு செய்யும்போதே பஸ் சீட்டும் சேர்த்துக் கொடுக்கலாம். எத்தனை பேர் வருவார்கள் என்பது முந்தைய நாளே தெரிந்துவிடுவதால், எத்தனை பஸ் விட வேண்டும் என்ற கணக்கும் எளிது. ஊர்ப் பஸ்களை நடத்துகிறவர்களுக்கு இந்த வசதி வேறெங்கும் கிடைப்பதில்லை.

வெளியுலகில் இது பழைய விஷயம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைவழி மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. அது நியூயார்க் மாநிலத்தில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் 1990-இல் ஒரு நிறுத்தம் அமைத்தார்கள். பெரிய கட்டடமெல்லாம் கிடையாது, ஒரு சிறிய நடைமேடைதான். வார இறுதி நாட்களில் சில ரயில்கள் அங்கே நிற்கும். நியூயார்க் நகரில் ரயில் ஏறியவர் நேரே பாதையில் இறங்கி நடக்கலாம். ஹாங்காங்கில் 1979-இல் திறந்த மெக்லஹோஸ் பாதை 100 கிலோமீட்டர். அதைப் பத்துத் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதன் தொடக்க முனைப் பக்கம் போக ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் ஓடும் தனி பஸ் தடமே உண்டு. இலங்கையில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை வளைந்து செல்லும் ‘பீக்கோ’ நடைவழி 300 கிலோமீட்டருக்கு மேல், 22 துண்டுகள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடே போகும் இந்தப் பழைய தோட்டப் பாதைகளில் நம் மலையகத் தமிழரின் முன்னோர் கொழுந்துக் கூடையோடு நடந்தார்கள். இன்று அவற்றின் பல துண்டுகளுக்கு ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல ஸ்டேஷன்களில் இறங்கிப் போகலாம். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர் ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி நல்லதண்ணிக்குப் பஸ் பிடிக்கும் வழக்கம் இதற்கெல்லாம் முந்தையது. ஒருமுனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுகளின் முனைகளைப் பஸ் நிறுத்தங்களோடும் ஸ்டேஷன்களோடும் இணைப்பதுதான் இவை எல்லாவற்றிலும் பொதுவான உத்தி.

காலிப் பஸ் ஓடினால் நஷ்டம் யாருக்கு என்பது போக்குவரத்துக் கழகத்தில் முதலில் வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. தினமும் ஓட்டச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். சனி, ஞாயிறு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதுவும் காடு திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் போதும். ஏற்கனவே பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஒரு நடையைச் சற்று முன்னதாக மாற்றி, காட்டு வாசல் வரை நீட்டினால் புதிய பஸ்கூட வேண்டாம். அந்த நடையில் கிராமத்தாரும் ஏறுவார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கிறது. அந்த வகைப் பஸ்ஸாகவே இதை விட்டால், ட்ரெக்கிங் என்பது விலையுயர்ந்த ஷூ வாங்கியவர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் கொஞ்சம் மாறும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்க்கும் இளம்பெண்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஒரு காட்டைப் பார்த்துவிட்டு வர இருபது ரூபாய் ரயில் டிக்கெட் போதும் என்றால், போக ஆளில்லாமலா போய்விடும்?

பஸ் விட்டால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் பிளாஸ்டிக் சேரும், காடு கெடும் என்ற அச்சம் இன்னும் ஆழமானது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் காட்டைக் கெடுக்கும் கூட்டம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவர வேண்டி வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று எண்ணி வரம்பு வைத்தது. எண்ணப்பட்டவை வாகனங்கள். அந்த வரம்பு அரசு பஸ்களில் வருகிறவர்களுக்குப் பொருந்தவில்லை. மலை திணறுவதற்குக் காரணம் தனி வண்டிகள்தான் என்பதை நீதிமன்ற உத்தரவே ஒருவகையில் ஒப்புக்கொள்கிறது. ஒரு பஸ்ஸில் நாற்பது, ஐம்பது பேர் வருகிறார்கள் என்றால் எத்தனை பேர் காட்டுக்குள் இருக்கிறார்கள், எப்போது வெளியே வருவார்கள் என்பது வழிகாட்டிக்குத் தெரியும். வாசலிலேயே பைகளைப் பார்க்கலாம். கண்ட இடத்தில் கார் நிறுத்தி, பாட்டிலோடு எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே நுழைகிறவரை அப்படிக் கணக்கில் கொண்டுவர முடியாது.

குழந்தையையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு மூன்று வண்டி மாறுவது சிரமம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் காரில் வரட்டும், அதைத் தடுக்கச் சொல்லவில்லை. பூந்தமல்லிக்காரர்களின் சிரமம் வேறு. அவர்களுக்கு ரயில் நிலையமே கிடையாது. ஆவடிக்கோ திருவள்ளூருக்கோ பஸ்ஸில் போய்த்தான் ரயிலைத் தொட வேண்டும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான மெட்ரோ தடம் நகருக்குள் போவதை எளிதாக்கும், மலைப்பக்கம் போவதை எளிதாக்காது. மேற்கே போகும் பஸ்களுக்கென்று திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தில் அமைக்கப்படும் நிலையம்தான் அவர்களுக்கு வாசலாக ஆக வேண்டும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்தில் தண்டவாளம் இருந்தும் அங்கே ஸ்டேஷன் இல்லை, மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். குத்தம்பாக்கத்தில் திருவள்ளூருக்கும் பூண்டிக்குமான இணைப்பு பஸ்களை முதல் நாளிலிருந்தே சேர்த்துவிட்டால், அதே பாட்டை இன்னொரு முறை பட வேண்டியிருக்காது.

பூண்டி, குடியம் பக்கத்தில் இன்னொரு நடைவழிக்கும் இடம் இருக்கிறது. பூண்டி அணைக்கரையில் அருங்காட்சியகத்தில் தொடங்கி, கொசஸ்தலையாற்றை ஒட்டி அதிரம்பாக்கம் போய், அங்கிருந்து குடியம் காட்டுக்குள் ஏறி, ஊத்துக்கோட்டைச் சாலையில் முடியும் ஒருவழிப் பாதை. முதல் நிறுத்தத்தில் கற்கருவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவர், நடுவில் அவை கிடைத்த மண்ணை மிதித்து, கடைசியில் அவற்றுக்குக் கல் தந்த பாறையைத் தொடுவார். இரண்டு நாளில் நிதானமாக நடக்கலாம், பூண்டியிலோ கிராமத்திலோ ஒரு இரவு தங்கலாம். கிராமத்துப் பெண்கள் குழுவுக்குச் சாப்பாட்டு வருமானம் கிடைக்கும். காரோடு வந்தவரால் இந்தப் பாதையை நடக்கவே முடியாது, இரு முனைகளிலும் பஸ் இருந்தால் மட்டுமே இது பாதை ஆகும். வனத்துறை, தொல்லியல் துறை, போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் மூன்றும் உட்கார்ந்து பேச வேண்டியவை அதிகமில்லை. எந்த மின்ரயிலுக்குப் பஸ் காத்திருக்க வேண்டும், மாலை கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அந்த நேரத்தைத் திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் எந்தப் பலகையில் தமிழில் எழுதுவது என்பவைதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இந்தப் பக்கத்தில் வெயில் தாங்கும், ஏரியில் தண்ணீரும் இருக்கும். அந்த ஏழெட்டு வாரங்களின் சனி, ஞாயிறுகளில் மட்டும் ஒரு பஸ்ஸை ஓட்டிப் பார்த்து, ஏறியவர் எத்தனை பேர் என்று எண்ணினால், மேற்கொண்டு பேசுவதற்கு ஊகம் தேவைப்படாது.